எட்டு இரவுக்கு ரியூனியன்: ஒரே ஹோட்டலில் தங்கிச் சுற்ற முடியுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மே மாதக் கடைசியில் எட்டு இரவுக்கு, இந்தியப் பெருங்கடலில் மொரிசியஸுக்குப் பக்கத்தில் இருக்கும் ரியூனியன் தீவு. நீங்கள், கணவர், பத்து வயது மகன், அறுபத்தைந்தைத் தாண்டிய அப்பா அம்மா. மேற்குக் கடற்கரையில் ஒரே ஹோட்டலில் அறை போட்டுக்கொண்டு, தினமும் காரில் ஒரு பக்கம் போய்வருவதாகத் திட்டம். தீவைச் சுற்றிவரும் சாலையே ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தானே, எங்கே தங்கினால் என்ன என்பது உங்கள் கணக்கு. அப்புறம், எரிமலை வெடிப்பதைப் பார்க்க முடியுமா, கடலில் குளிக்கலாமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்கு மலைப்பாதை வளைவுகள் ஒத்துக்கொள்ளாது என்பதையும் மறக்கவில்லை.

நானும் முதல் தடவை இதே கணக்கைத்தான் போட்டேன். சான் ஜில் பக்கம் கடற்கரையோரம் அறை. ஏழு மணிக்கு எழுந்து, நிதானமாகக் காப்பி குடித்து, எட்டரைக்கு எரிமலைக்குக் கிளம்பினோம். இரண்டு மணி நேரப் பயணம். கடைசி நிறுத்தமான பா த பெல்கோம்ப் விளிம்பில் போய் நின்றால் எதிரே ஒரு வெள்ளைச் சுவர். பக்கத்தில் நின்ற ஒருவர் கையை நீட்டி, அங்கேதான் எரிமலை இருக்கிறது என்றார். மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்தோம். இரண்டு நாள் கழித்து மறுபடியும் போனோம். அதே வெள்ளைச் சுவர்.

அந்தத் தீவில் தூரம் ஒரு பொருட்டே இல்லை. உயரமும் நேரமும்தான் கணக்கு. வெயில் ஏற ஏறக் கடலிலிருந்து ஈரக்காற்று மலைச்சரிவில் மேலேறுகிறது. ஒன்பது, பத்து மணிக்குள் அது மேகமாகி மலை இடுக்குகளை அடைத்துவிடும். பல நாட்களில் சாயங்காலம்வரை விலகாது. விடிந்து இரண்டு மூன்று மணி நேரம்தான் மலை உங்களுக்குச் சொந்தம். அந்த நேரத்தில் நீங்கள் ஏற்கெனவே மேலே இருக்க வேண்டும். கீழே ஹோட்டலில் பன்னுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தால் நடக்காது. கடற்கரை அப்படி இல்லை. மதியத்துக்கு மேல் போனாலும் அங்கேயே இருக்கும். போதாக்குறைக்கு மேற்கிலும் வடக்கிலும் காலையும் மாலையும் வண்டி நெரிசல் பொறுமையைச் சோதிக்கும். தினமும் போய்வருவது என்றால் தினமும் அதில் இரண்டு தடவை மாட்ட வேண்டும்.

அதனால் ஒரே ஹோட்டல் வேண்டாம். நான்கு இடங்களில் இரண்டிரண்டு இரவு. பெட்டியைக் கட்டிப் பிரிக்கிற வேலை நான்கு தடவை வரும், உண்மைதான். பெரியவர்களுக்கு அது அலுப்பு. ஆனாலும் விடிகாலை மூன்று மணிக்கு எழுப்பிக் காரில் ஏற்றுவதைவிட அது மேல்.

விமான நிலையம் வடக்கே, தலைநகர் சான் தெனிக்குப் பக்கத்தில். அங்கிருந்து கடிகார முள் போகிற திசையில் சுற்றுங்கள். முதலில் கிழக்கே சான் தாந்த்ரே, அங்கிருந்து மலைக்குள் திரும்பி சலாசி பள்ளத்தாக்கில் எல்பூர் கிராமம். எழுத்துக்கூட்டிப் படித்தால் ஆங்கிலத்தில் நரகம் என்பதுபோல இருக்கும். பயப்பட வேண்டாம், ஹெல் என்பது அந்தக் காலத்து பிரெஞ்சு ஆளுநர் ஒருவரின் பெயர். மரத்தில் இழைத்த பழைய கிரியோல் வீடுகள், நாலாபுறமும் செங்குத்தான பச்சைச் சுவர், மழை பெய்த மறுநாள் அந்தச் சுவரில் எண்ண முடியாத அருவிகள். போகிற வழியெல்லாம் பந்தல் பந்தலாக ஒரு கொடி படர்ந்திருக்கும். இறங்கிப் பார்த்தால் நம் சௌசௌ. அவர்களும் அதை ‘ஷூஷூ’ என்றுதான் சொல்கிறார்கள். காயைக் கறியாகவும் கொழுந்தைக் கீரையாகவும் சமைக்கிறார்கள், தண்டை உரித்துத் தொப்பிகூடப் பின்னுகிறார்கள்.

எல்பூரில் இரண்டு இரவு முடிந்ததும் கீழே இறங்கி, சான் பெனுவா வழியாகத் தீவின் நடுமுதுகைக் கடக்கும் சாலையில் ஏறுங்கள். பிளேன் தே பால்மிஸ்த் என்ற மேட்டுநிலம் வரும். அந்தப் பருவத்தில் சாலையோரம் கோலிக்குண்டு அளவில் சிவப்பாக ஒரு கொய்யா விற்பார்கள். புளிப்புத் தூக்கலாக இருக்கும், மகனுக்குப் பிடிக்கும். அதையும் தாண்டி பூர் முய்ரா என்ற சிற்றூர். எரிமலைக்கான வாசல் அதுதான். அங்கே இரண்டு இரவு கட்டாயம். அங்கிருந்து பா த பெல்கோம்ப் முக்கால் மணி நேரம்தான். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பினால் போதும்.

எரிமலையைப் பயணத்தின் முதல் பாதியிலேயே வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு காலையும் மேகம் மூடிவிட்டால்கூட, அடுத்து தெற்கே சான் பியேரில் தங்கும்போது ஒன்றரை மணி நேரத்தில் மறுபடி ஏறிப் பார்க்கலாம். கடைசி நாளுக்கு வைத்துவிட்டு அன்று மூடிக்கொண்டால் ஊருக்குத் திரும்பி என்னைத்தான் திட்டுவீர்கள்.

இப்போது எரிமலை. பித்தோன் த லா ஃபூர்னேஸ் என்பது பெயர், 2,632 மீட்டர். உலகில் அதிகம் சீறும் எரிமலைகளில் ஒன்று. ஆனால் அதற்கு நாள்காட்டி கிடையாது. 2018-ல் நான்கு தடவை வெடித்தது. 1993-க்கும் 1998-க்கும் நடுவில் ஒரு தடவைகூட இல்லை. ஆகவே லாவா பார்க்கவே போகிறோம் என்று மகனிடம் சொல்லிவிடாதீர்கள். வெடித்தால் அதிர்ஷ்டம். இங்கே லாவா பெரும்பாலும் விரிசல் வழியாக வழிந்து ஓடுகிற ரகம், சாம்பலை வாரி இறைப்பது குறைவு. அதனால் வெடிக்கும்போது மக்கள் ஓடுவதில்லை, போர்வையும் சோற்று டப்பாவும் எடுத்துக்கொண்டு விளிம்புக்கு வேடிக்கை பார்க்கப் போகிறார்கள். அப்போது கீழே உள்ள பெரிய பள்ளத்துக்குள் இறங்கும் வாசல்கதவை அரசு பூட்டிவிடும். நிலத்தடி அதிர்வு கூடினாலே பூட்டுவதும் உண்டு. கதவைத் தாண்டிக் குதிக்கிறவர்களை நம்பிப் பின்னால் போகாதீர்கள்.

வெடிக்காத நாளிலும் அந்தப் பாதை ஒன்றுக்காகவே போகலாம். பசும் புல்வெளியில் மாடு மேய்வதைப் பார்த்துக்கொண்டே ஏறுவீர்கள். ஒரு திருப்பம். சட்டென்று பச்சை எல்லாம் தீர்ந்து, கீழே துருப்பிடித்த சிவப்பிலும் கறுப்பிலும் ஒரு பாலைவெளி விரியும். பிளேன் தே சாப்ல். அதன் நடுவே கோடு கிழித்த மாதிரி சாலை. எங்கள் வண்டியில் பேசிக்கொண்டிருந்த எல்லோரும் அந்தத் திருப்பத்தில் வாயை மூடினார்கள்.

விளிம்பில் 2,300 மீட்டர் உயரம். கடற்கரையில் 25 டிகிரி என்றால் இங்கே பத்தை ஒட்டி இருக்கும், விடிகாலையில் இன்னும் கீழே. மூன்றாம் தடவை, அதாவது திருந்திய பிறகு, விடிகாலையில் போனபோது கார் கண்ணாடியில் பனி வெள்ளையாக உறைந்திருந்தது. சுரண்ட ஒன்றும் இல்லாமல் ஏடிஎம் அட்டையால் சுரண்டினேன். வெப்பமண்டலத் தீவுக்குப் போகிறோம் என்று அரைக்கால்சட்டையோடு வந்திருந்த ஒரு குடும்பம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், குல்லாய், மழைக்கோட்டு. இதில் சமரசம் வேண்டாம்.

அப்பா அம்மாவுக்கு விளிம்பிலிருந்து பார்ப்பதே போதும், வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சில நிமிட நடைதான். நீங்கள் மகனோடு கீழே இறங்கலாம். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள், முடிகிற இடத்தில் ஃபோர்மிக்கா லெயோ என்ற சின்னச் சிவப்புக் கூம்பு. அதைத் தொட்டுத் திரும்புவது பத்து வயதுக்குச் சரியான அளவு. உச்சியில் உள்ள தொலோமியூ பள்ளத்தைப் பார்த்து வர ஐந்து மணி நேரமாவது ஆகும், மர நிழல் கிடையாது, கடையும் கிடையாது. 2007 ஏப்ரலில் அந்தப் பள்ளத்தின் தரை முந்நூறு மீட்டருக்கும் மேல் உள்ளே சரிந்து விழுந்தது. விளிம்பு இன்னும் உதிர்கிறது என்பதால் குறித்த இடத்தில்தான் நிற்க விடுவார்கள். உறைந்த லாவாவின் மேல் வெள்ளைப் பெயின்ட் புள்ளிகள் போட்டிருப்பார்கள், அவைதான் பாதை. மேகம் இறங்கினால் அடுத்த புள்ளி கண்ணில் படும்வரை நின்ற இடத்தில் நிற்க வேண்டும். கணவர் மட்டும் போவதாக இருந்தாலும் மதியத்துக்குள் திரும்பச் சொல்லுங்கள். மகனுக்கு பூர் முய்ராவில் எரிமலை அருங்காட்சியகம் இருக்கிறது, மேகம் மூடிய மதியத்துக்கு அது சரியாக இருக்கும்.

ஒரு துணுக்கு, மகனுக்குச் சொல்ல. இந்தத் தீவைப் பூமிக்கு அடியிலிருந்து உருவாக்கிய அதே வெப்பமுனைதான் (ஆழத்திலிருந்து சூடான பாறைக்குழம்பு மேலெழும் இடம்) ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் தக்காணத்தின் கருங்கல் பீடபூமியையும் கொட்டியது. அப்போது இந்தியா அதற்கு மேலே இருந்தது. பிறகு நிலத்தட்டு வடக்கே நகர நகர, லட்சத்தீவு, மாலத்தீவு, மொரிசியஸ் என்று வரிசையாகப் புள்ளி வைத்துக்கொண்டு வந்து, இப்போது ரியூனியனில் கொதிக்கிறது.

ஐந்தாம் நாள் சான் பியேருக்கு இறங்கிவிடுங்கள். மறுநாள் முழுவதும் தென்கிழக்கு லாவா சாலைக்கு. இதுதான் பெரியவர்கள் ஒரு படிகூட ஏறாமல் எரிமலையைக் கிட்டத்தில் பார்க்கும் இடம், என்னைக் கேட்டால் தீவிலேயே சிறந்த நாள். சான் பிலிப்பைத் தாண்டியதும் சாலை பழைய லாவா ஓட்டங்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆண்டு எழுதிய பலகை. புதிய ஓட்டம் கன்னங்கரேல் என்று இருக்கும். சில வருடங்கள் ஆனதில் வெள்ளி நிறத்தில் பாசி மாதிரி ஒன்று படிந்திருக்கும். இன்னும் பழையதில் பாறை இடுக்கில் பெரணி, அதற்கும் முந்தியதில் புதரும் மரமும். மகனைப் பலகையைப் பார்க்காமல் ஆண்டை ஊகிக்கச் சொல்லுங்கள், நான்காவது பலகையில் சரியாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவான். 2007-ல் ஓடியது சாலையை மூடிக் கடலுக்குள் இறங்கியது. குளிர்ந்து முடியப் பல ஆண்டுகள் ஆயிற்று. அதுவரை மழை பெய்தால் பாறை இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. மேலே நடக்கும்போது செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். உறைந்த லாவா கண்ணாடி மாதிரி கிழிக்கும், விழுந்தால் உள்ளங்கைத் தோல் போய்விடும்.

அந்தச் சாலையில் இன்னும் வடக்கே போனால் சாந்த் ரோஸ் பகுதியில் ஒரு மாதா கோயில். 1977 ஏப்ரலில் லாவா ஊருக்குள் வந்து வீடுகளை விழுங்கியது. கோயில் வாசலுக்குள் கொஞ்சம் நுழைந்து, இருபுறமும் பிரிந்து, அப்படியே நின்றுவிட்டது. இன்றும் சுவரை ஒட்டிக் கறுப்புப் பாறை இடுப்புயரத்துக்கும் மேலே குவிந்து கிடக்கிறது. அம்மா அங்கே கொஞ்ச நேரம் உட்கார விரும்பலாம், அவசரப்படுத்தாதீர்கள். அந்த வெடிப்புக்குப் பிறகுதான் எரிமலைக் கண்காணிப்பு நிலையமே அமைத்தார்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன்: கிழக்குப் பக்கம் என்றால் மே மாதத்திலும் மழைதான். காற்று மோதும் பக்கம் அது. 24 மணி நேரத்தில் 1,800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்து உலகச் சாதனையான தீவு இது, குடையோடு போவதில் வெட்கம் இல்லை. ஆனால் நவம்பர் முதல் ஏப்ரல் வரையான புயல் காலத்தை நீங்கள் தவிர்த்துவிட்டீர்கள், தேதித் தேர்வு நன்று.

கடைசி இரண்டு இரவு மேற்கே, லெர்மித்தாஜ் பக்கம். ஒருநாள் விடிகாலையில் மாயிதோ ஏறுங்கள். 2,200 மீட்டர் உயர விளிம்பிலிருந்து மஃபாத் பள்ளத்தாக்கு காலடியில் தெரியும். அதற்குள் சாலையே இல்லை; மக்கள் நடந்துதான் போகிறார்கள், சாமான்கள் ஹெலிகாப்டரில் வருகின்றன. உள்ளே ஒரு இரவு தங்குவது அருமையான அனுபவம், ஆனால் உங்கள் கூட்டத்துக்கு அது இந்தத் தடவை இல்லை. அதற்குச் செலவிட நினைத்த பணத்தைக் காலை ஹெலிகாப்டர் சுற்றுக்கு வையுங்கள். விலை கடிக்கும். நடக்க முடியாத பெரியவர்களுக்கு மஃபாத்தின் உள்பக்கத்தைக் காட்ட வேறு வழி இல்லை என்பதால் நானாக இருந்தால் ஹோட்டலில் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்துக்கொள்வேன். அன்றைய முதல் சுற்றையே கேளுங்கள்.

சிலாவோஸ் போகாமல் விடச் சொல்கிறேன். பருப்புக்குப் பேர்போன அழகான ஊர்தான். ஆனால் 37 கிலோமீட்டரில் நானூறு வளைவு என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள், நடுவில் ஒரு வண்டி மட்டும் நுழையும் சுரங்கங்கள் வேறு. அம்மாவை அதில் ஏற்றாதீர்கள். பருப்பு சந்தையிலேயே கிடைக்கும்.

கடல் பற்றி. தீவு முழுவதும் குளிக்க முடியாது. 2011-லிருந்து சுறாத் தாக்குதல்கள் தொடர்ந்ததால், 2013 முதல் பவளத்திட்டுக்கு உட்பட்ட ஏரி போன்ற கடலிலும், காவல் உள்ள சில இடங்களிலும் மட்டுமே இறங்க அனுமதி. லெர்மித்தாஜில் அந்த உட்கடல் இடுப்பளவு ஆழம்தான், மகனுக்கு முகமூடிக் கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுத்தால் வெளியே வரமாட்டான். ரப்பர் செருப்பு போட்டு இறங்குங்கள், பவளத்தின் மேல் நிற்க வேண்டாம். யாருமே இல்லாத அழகான கடற்கரை கண்ணில் பட்டால், ஏன் யாருமே இல்லை என்று யோசியுங்கள்.

சாப்பாடு. கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். சாதம், பருப்பு அல்லது பயறு, கீரை, தக்காளித் துவையல் மாதிரியான ‘ருகாய்’ என்று தட்டு அமைப்பே நமக்குப் பழகியது. இறைச்சிக் கறியை மட்டும் நீக்கச் சொன்னால் சாப்பாடு தயார். ஆனால் பருப்பிலேயே சில இடங்களில் பன்றித்துண்டு போடுவார்கள், அதனால் ‘சான் வியாந்த், சான் புவாஸோன்’ என்று இரண்டையும் சொல்லுங்கள், இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல். ஆங்கிலம் பல இடங்களில் எடுபடாது. மதியம் இரண்டு மணிக்குமேல் சமையல்கட்டைச் சாத்திவிடுவார்கள். மலையிலிருந்து இறங்கிப் பசியோடு இரண்டரைக்குப் போய் நின்றால் சாலையோர வண்டியில் ‘போன்போன் பிமான்’ தான் கதி. மசால்வடைக்குத் தம்பி முறை, ஒன்றும் குறையில்லை.

சந்தைக்குப் போனால் காய்கறிக்காரம்மா பேசுவதைக் கொஞ்சம் உற்றுக் கேளுங்கள். கறிவேப்பிலைக் கட்டு ‘கலுப்பிலே’. கொத்தமல்லி ‘கொத்தோமிலி’. முருங்கைக்கீரை ‘பிரேத் முரூங்’. 1848-ல் அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து கப்பலேறியவர்கள் கொண்டுபோன சொற்கள் இவை. அவர்களின் வழிவந்தவர்களை ‘மல்பார்’ என்கிறார்கள், பெரும்பாலோர் தமிழர்கள். தமிழ் வீட்டுப் பேச்சிலிருந்து போய்விட்டது. சொற்கள் சமையல்கட்டிலும் வழிபாடு கோயிலிலும் தங்கிவிட்டன. சான் பியேரில் சனிக்கிழமைக் காலைச் சந்தையில் என்னிடம் கலுப்பிலே விற்ற பெண்ணிடம், எங்கள் ஊரிலும் இதே பெயர்தான் என்று அரைகுறை பிரெஞ்சில் சொன்னேன். இன்னொரு கட்டைக் கையில் வைத்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார். சான் தாந்த்ரேயில் கடலோரக் கோபுரக் கோயில், சான் தெனி, சான் பியேரில் நகரக் கோயில்கள் என்று நிறைய உண்டு. முதல் நாள் எல்பூர் போகும் வழியிலேயே சான் தாந்த்ரே வந்துவிடும், அப்பாவுக்கு அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தோல் பொருட்களை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். காவடியும் தீபாவளியும் பெரிதாக நடக்கும், உங்கள் தேதியில் இரண்டும் வராது.

மிச்சம் சில்லறை விஷயங்கள். ரியூனியன் 1946 முதல் பிரான்சின் ஒரு நிர்வாகப் பிரிவு, நம் மாவட்டம் மாதிரி; செலாவணி யூரோ, ஆனால் ஐரோப்பிய நாடுகளின் பொது விசா செல்லும் ஷெங்கன் எல்லைக்குள் வராது. ஐரோப்பா விசா கையில் இருக்கிறதே என்று டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். ரியூனியனுக்குச் செல்லுமா என்று பிரெஞ்சுத் தூதரகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும். தானியங்கி கியர் வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், இல்லையென்றால் சாதாரண கியர்தான் தருவார்கள். காட்சி இடங்களில் வண்டிக்குள் பையை வைத்துவிட்டு நடக்காதீர்கள். மே கடைசியில் ஆறு மணிக்குள் இருட்டிவிடும், மலைச்சாலையில் அதற்குமுன் அறைக்குச் சேர்ந்துவிடப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைகள் மூடிக்கிடக்கும், ஊரே பெரிய அண்டாக்களோடு கடலோர மரநிழலில் சமைத்துக்கொண்டிருக்கும். உங்கள் ஞாயிறு தெற்கில் வந்தால் கிராண்ட் ஆன்ஸ் கடற்கரைக்குப் போங்கள்.

அறைகளில் முதலில் பூர் முய்ராவைப் போடுங்கள். சின்ன ஊர், நல்ல அறைகள் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். அந்த இரண்டு இரவின் தேதியை உறுதி செய்தபின் மற்ற மூன்றையும் அதற்கு முன்னும் பின்னுமாக அடுக்கலாம். அறை எடுக்கும்போது சூடேற்றி இருக்கிறதா என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை; இரண்டு இரவும் குல்லாயோடுதான் தூங்கினேன்.